ஆயிரத்துக்கு நாலு பேர்: குமரி மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், அவர் தலைமையில் கூடும் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பாதி சர்வீஸ் மலையடிவாரத்தில், மீதி கடற்கரையில். பெயர் போடவில்லை. பெயரைப் பார்த்ததும் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் கோயில் என்று கணக்குப் போடுகிற பழக்கம் நம் மாவட்டத்தில் கொஞ்சம் அதிகம். இந்த மடல் அந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம். மலையில் என்னை "சிஸ்டரே" என்பார்கள், கடற்கரையில் "நர்சம்மா". எதைச் சொன்னாலும் திரும்பிப் பார்ப்பேன்.

மாதாந்தர ஆய்வுக் கூட்டங்களில் பின்வரிசையில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் மாவட்டத்தின் எண்கள் வரும். தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், கர்ப்பிணிப் பதிவு என்று வரிசையாகப் பச்சைக் கட்டங்கள். 2011 கணக்கெடுப்பில் நம் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். ஆயிரம் ஆணுக்கு 1019 பெண்கள். மற்ற மாவட்டத்துக்காரர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட்ட கூட்டங்களும் உண்டு. எனக்கும் அதில் பெருமைதான். அந்தப் பச்சைக் கட்டங்களுக்காக மழையில் நடந்தவள் நானும்தானே. ஆனால் கூட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி உறுத்தும்: இன்றைக்குப் பேசியதில் மலைக்குள் இருக்கும் பழங்குடி ஊரான தோட்டமலை எங்கே வந்தது?

சிறுபான்மை என்ற சொல்லை நம்மூரில் எடுத்தாலே மதம்தான் நினைவுக்கு வரும், பேச்சும் சூடாகிவிடும். நான் சொல்லும் சிறுபான்மை வேறு. எண்ணிக்கையில் அவ்வளவு குறைவு. அவர்களுக்கு என்ன நடந்தாலும் மாவட்டக் கணக்கு அசையாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 2011-இல் நம் மக்கள்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். அதில் பழங்குடியினர் ஏழாயிரத்துச் சொச்சம், பெரும்பாலும் காணி மக்கள். ஆயிரத்துக்கு நாலு பேர். ஒரு பேச்சுக்கு, மற்ற எல்லோரிடமும் நூற்றுக்கு 99 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, காணி மக்களிடம் பாதிதான் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாவட்டச் சராசரி எவ்வளவு இறங்கும்? 99-இலிருந்து 98.8-க்கு. தசமத்தை விட்டுவிட்டுத் திரையில் போட்டால் மறுபடியும் 99. கட்டம் பச்சையாகவே இருக்கும். பாதிப் பிரசவம் வீட்டில் நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படியே நடந்தாலும் உங்கள் திரைக்குத் தெரியாது என்கிறேன்.

என் முதல் வேண்டுகோள் இதுதான், இதற்குப் பைசா செலவில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து ஒவ்வொரு எண்ணையும் உடைத்துப் போடுங்கள். காணிக் குடியிருப்பு தனி வரி. மீனவக் கிராமம் தனி வரி. ரப்பர் தோட்டக் குடியிருப்பு தனி வரி. முந்திரி ஆலைப் பெண்கள் தனி வரி. துணை மையத்துச் செவிலியரின் பதிவேட்டில் வீட்டு வாரியாக எல்லாம் இருக்கிறது. மேலே ஏற ஏறத்தான் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிடுகிறோம்.

மலையிலிருந்து தொடங்குகிறேன். பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தது 1906-இல். கீழே நாஞ்சில் நாட்டு வயலெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் பச்சை பிடித்தது. அந்த நீர்ப்பரப்புக்கு அக்கரையில் இருக்கும் தோட்டமலை மாதிரி ஊர்க்காரர்களுக்கு அதே தண்ணீர்தான் வழிமறிப்பு. பள்ளிக்கூட வாத்தியார் வள்ளத்தில், அதாவது படகில் போகிறார், அரிசி வள்ளத்தில் போகிறது, நோயாளி வள்ளத்தில் வருகிறார். 108-க்கு அடித்தால் வண்டி வரும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வண்டி இக்கரையில்தான் நிற்கும்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார மையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. மலைக்குச் சலுகை கொடுத்த மாதிரித்தான் தெரியும். ஆனால் காணிக் குடியிருப்பு என்பது ஒரு குன்றில் இருபது முப்பது வீடு, அடுத்த இருபது வீட்டுக்கு ஒரு மணி நேர நடை. மூவாயிரம் பேரைத் திரட்டி ஒரு மையம் வைத்தால் அது யாருடைய வாசலிலும் இருக்காது. ஆட்களை எண்ணுவதை விட்டுவிட்டு நடை நேரத்தை எண்ணுங்கள். தச்சமலையிலிருந்து, விளாமலையிலிருந்து, களப்பாறையிலிருந்து, குற்றியாற்றிலிருந்து, கோதையாற்றிலிருந்து ஒரு நர்ஸின் முகத்தைப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்? மழையில் எத்தனை? தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடும் நாளில் எத்தனை? யானை இறங்கும் மாலையில் எத்தனை? இந்தப் பட்டியல் சுவரில் தொங்கினாலே பாதி விவாதம் முடிந்துவிடும்.

கர்ப்பிணியைப் பதிய வேண்டும் என்றால் அரசின் கணினிப் பதிவில் கிடைக்கும் பிக்மி எண் வேண்டும். பிக்மி எண் இல்லாமல் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கே அல்லாட வேண்டும். ஆதார், ஓ.டி.பி. என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எங்கள் மலையில் டவர் கிடைப்பது ஒரு பாறை மேல்தான். ஏழு மாதக் கர்ப்பிணியை அந்தப் பாறையில் கைபிடித்து ஏற்றிப் பதிவு செய்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. விதிக்குக் கட்டுப்பட்டு நான் செய்த வேலைகளில் அதைப்போல் அபத்தம் வேறில்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 18,000 ரூபாய். 14,000 பணம், மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். முழுப் பலனும் வேண்டுமென்றால் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். பாறை ஏறி டவர் பிடிப்பதற்குள் பன்னிரண்டு வாரம் தாண்டிவிடும். யாருக்கு அந்தப் பணம் அதிகம் தேவையோ அவளுக்குத்தான் தவணை தவறுகிறது. டவர் இல்லாத குடியிருப்புகளுக்குக் கையால் எழுதிய பதிவின் தேதியையே பதிவுத் தேதியாக ஏற்றுக்கொள்ள மேலிடத்தில் நீங்கள் கேட்டு வாங்கலாம். மாவட்டத்திலிருந்து கோப்பு போனால்தான் சென்னையில் யாராவது யோசிப்பார்கள்.

பேறுகாலத்துக்கு முன்பே மலைப்பெண்கள் கீழே வந்து தங்கக் காத்திருப்பு அறை வைக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டின் பழங்குடிப் பகுதிகளில் உண்டு. நல்ல யோசனை. ஆனால் அவள் தனியாக வரமாட்டாள். மாமியார் வருவாள், மூத்த குழந்தை வரும். மூன்று பேருக்குச் சாப்பாடும், வேலைக்குப் போகமுடியாத நாளுக்குக் கொஞ்சம் கூலி ஈடும் இல்லாவிட்டால் அறை காலியாகத்தான் கிடக்கும். காலியாகக் கிடக்கிறது என்பதைக் காரணம் காட்டி அடுத்த வருஷம் மூடுவார்கள். இப்படி மூடிய நல்ல ஏற்பாடுகள் எத்தனையோ.

அப்புறம் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருவது சாதாரண விஷயமில்லை. சமவெளியில் அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் தேடிப் போகிற மருத்துவம் வள்ளத்துறையில் நின்றுவிடுகிறது. அக்கரை ஊர்ப் பெரியவர் ஒருவர் பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் காணிக்காரரே என்று கேட்டேன். "ஒரு மாச மாத்திரைக்கு ஒரு நாள் கூலி போகுது சிஸ்டரே. இப்படிப் போட்டா ரெண்டு மாசத்துக்கு வரும்" என்றார். கணக்கு சரி. மருத்துவம்தான் தவறிப்போனது. இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கு மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுத்தால் என்ன? நடுவில் ஒரு முறை பிரஷர் பார்க்க அந்த ஊர்ப் பெண் ஒருத்திக்குக் கருவியும் பயிற்சியும் கொடுத்தால் போதும். தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் மலையிலும் எளிதில் எட்டாத இடங்களிலும்தான் இருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டையே இதற்கு விரிக்கலாம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடித்த காணிப் பெண் பிள்ளைகள் இன்று நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் நாலைந்து பேரைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பி, படித்து முடித்ததும் அதே மலையில் வேலை என்று உறுதி கொடுங்கள். எஸ்.டி. சான்றிதழ் கைக்கு வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடுகிறது என்ற பழைய கதையை இந்த நாலைந்து பேர் விஷயத்திலாவது கோட்டாட்சியர் அலுவலகம் முடித்து வைக்கட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கு நிம்மதி இருக்காது. 1987-இல் பழங்குடிகளின் தாவர அறிவை ஆராய வந்த ஆராய்ச்சிக்காரர்கள் அகத்தியமலைக் காட்டில் காணி ஆட்களை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு நடந்தார்கள். படித்தவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைக் கடித்துக்கொண்டு அலுப்பில்லாமல் போகிறார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரம் பாலோடு தாவரவியல் பூங்காவில் 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தார்கள், 1995-இல் ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார்கள், உரிமப் பணத்தில் பாதி காணிகளுக்கென்று அமைத்த அறக்கட்டளைக்குப் போனது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி உதாரணம் என்று உலகமே அதைப் பேசியது. அது எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த கதைதான். ஆனால் மலைக்கு ஏது எல்லை? அதே மக்கள்தான் இந்தப் பக்கமும். மருந்தைக் காட்டிக்கொடுத்தவர்களின் உறவுக்காரர் ஒருவர் பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார்.

காணிகளின் வைத்தியரைப் பிலாத்தி என்பார்கள். கொக்கரை என்ற இரும்பு வாத்தியத்தை உரசிக்கொண்டு ராத்திரி முழுக்கப் பாடி நோய் போக்குகிறவர். புதிதாகப் போன காலத்தில் எனக்கு அதெல்லாம் மூடநம்பிக்கையாகத் தெரிந்தது. பிலாத்தியைப் பகைத்துக்கொண்ட நர்ஸ் மலையில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டாள் என்று சீக்கிரமே புரிந்தது. பிறகு நாங்கள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். பாட்டு அவருடையது. மூன்று நாளைக்கு மேல் நிற்கும் காய்ச்சல், வயிற்றுப்பிள்ளைக்காரியின் கால் வீக்கம், பாம்புக்கடி மூன்றும் என்னுடையது. அவர் சொல்லி அனுப்பித்தான் பல எலிக்காய்ச்சல் நோயாளிகள் நேரத்துக்கு என்னிடம் வந்தார்கள். உங்கள் பயிற்சி வகுப்புகளில் பிலாத்திகளுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், சுவரொட்டி அடிக்கிறவர்கள் கவனத்துக்கு. நம் மலையிலும் தோட்டத்திலும் நாளுக்கு நாலு தடவை பால் விடாத கட்டன் சாயா குடிப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் அதே சாயாவோடு விழுங்குவார்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. சென்னையில் அச்சடித்து வரும் சுவரொட்டியில் பேரீச்சம்பழமும் ஆப்பிளும் இருக்கும், கட்டன் சாயாவைப் பற்றி ஒரு வரி இருக்காது. மாத்திரைக்கும் சாயாவுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடச் சொன்ன பிறகு என் பதிவேட்டில் ஏறிய ஹீமோகுளோபினை நான் பார்த்திருக்கிறேன்.

பாம்புக்கடிக்கு வருகிறேன். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியலுக்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார்கள். இவர்களில் காணிகள் உண்டு, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களும் உண்டு. விளக்கு மரத்தில் வெட்டுக் கோட்டைத்தான் காட்டும், காலடியைக் காட்டாது. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களில் அதிகம் கடிக்கிற இன்னொன்று உண்டு: மூக்கு மேலே தூக்கிய சின்னக் குழிவிரியன். காய்ந்த இலையோடு இலையாகக் கிடக்கும். அதன் விஷத்துக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அந்த விஷம் சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை அந்தப் பாம்புதான் கடித்தது. செத்த பாம்பைப் பையில் போட்டுக் கொண்டுபோயும் ஒரு ஆஸ்பத்திரியில் பார்க்காமலே மருந்தை ஏற்றினார்கள். வீக்கம் வடிந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் மூத்திரம் நின்றது. அதற்குப் பிறகு மூன்று ஆஸ்பத்திரி, டயாலிசிஸ், ஒரு மாதம். பிழைத்துக்கொண்டார், பால்வெட்டுக்குத்தான் திரும்பவில்லை.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் பதிவாக வேண்டும். இதை வெறும் எண்ணிக்கையாக அனுப்பிவிடாமல் எந்தப் பாம்பு, எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்பதையும் குமரியில் எழுதி வையுங்கள். குழிவிரியன் என்று சந்தேகம் வந்தால் வீக்கம் வடிந்தாலும் சிறுநீரகப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்ய ஒரு பக்கத்தில் நெறிமுறை அச்சடித்து அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒட்டுங்கள். தோட்ட நிர்வாகங்கள் முழங்கால் உயர பூட்ஸ் கொடுக்கலாம். ஒரு ஜோடி பூட்ஸ் என்ன விலை, ஒரு மாத டயாலிசிஸ் என்ன விலை?

இதே தொழிலாளிகளுக்கு ஆஸ்பத்திரி நேரமும் ஒத்துவராது. பால் வெட்டி, ஒட்டுப்பாலைச் சுரண்டி, பால் எடுத்து, ஷீட் அடிக்கக் கொடுத்து முடிக்கும்போது பதினொரு மணி தாண்டும். குளித்து பஸ் பிடித்து வந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் புறநோயாளிச் சீட்டு முடிந்திருக்கும். வாரத்தில் ஒரு நாளாவது குலசேகரத்தில் மாலை ஓ.பி. வேண்டும் என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

கீழே இறங்கினால் அண்டி ஆபீஸ். வெளியூர் அதிகாரிகளுக்குச் சொல்கிறேன்: முந்திரி ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆபீஸ் என்று பெயர், உள்ளே நாற்காலி கிடையாது. பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து அண்டி உடைப்பார்கள். கூலி கிலோ கணக்கில். எழுந்து கக்கூசுக்குப் போனால் கால் கிலோ போச்சு. அதனால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அதனால் மூத்திரக் கடுப்பு. இடுப்பு வலி, முழங்கால் வலி, வறுக்கிற இடத்தில் புகை இருமல். முந்திரித் தோட்டு எண்ணெய் தோலை வேகவைக்கும். கையில் சாம்பலைத் தேய்த்துக்கொள்வதுதான் அவர்களுக்குத் தெரிந்த கையுறை. பல வருஷம் உடைத்தவளின் விரல் நுனியில் ரேகையே தேய்ந்து போயிருக்கும். இப்போது அதே விரலை ஆதார் இயந்திரத்தில் வைக்கச் சொல்கிறோம். ரேகை விழவில்லை, மறுபடி வையுங்கள், துடைத்துவிட்டு வையுங்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ரேகையெல்லாம் பருப்போட போயிட்டு நர்சம்மா, அமெரிக்காவில போய்க் கேக்கச் சொல்லுங்க." முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அதற்குள் நுழையக் கேட்கும் சாவி இவளுடைய விரல். கருவிழிப் பதிவுக் கருவி ஒன்றை மாதம் ஒரு முறை ஆலை இருக்கும் ஊருக்கே அனுப்பினால் இந்தச் சங்கடம் தீரும்.

பெரிய ஆலையில் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. தொழிலாளி 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு. பெண் பணம் கட்டுகிறாள், ஆனால் மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் அவள் ஆலைக்குள் இருக்கிறாள். வீட்டிலேயே அண்டி வாங்கி உடைத்துக் கொடுப்பவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. 2024-இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று பணியிடத்துக்கே போகும் திட்டம் வந்தது. அது பெரிய தொழிற்சாலைகளின் வாசலோடு நிற்காமல் குளப்புறமும் மேற்புறமும் மாதிரி ஊர்களின் சின்ன ஆபீஸ்களுக்குள்ளும் வரட்டும். சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பதோடு தோலையும், முதுகையும், மூத்திரத்தையும் பார்க்கட்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண் மருத்துவர் வேண்டும், திரைச்சீலை வேண்டும். போன முகாமில் ஒரு பெஞ்சும் ஒரு சேலையும்தான் இருந்தன.

கடற்கரையைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன். அங்கே பேச ஆள் இருக்கிறார்கள், பங்குப்பேரவை இருக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன. இரண்டு விஷயம் மட்டும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் ஒரு முறை போனால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் கரை. மாதம் ஒரு முறை மாத்திரை என்ற ஏற்பாடு கரையில் இருப்பவனுக்குத்தான். தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கப் போகுமுன் வலையும் ஐஸும் டீசலும் ஏற்றுவதுபோல் இரண்டு மாத மாத்திரையும் ஏறவேண்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் ஐஸ் பெட்டியில் எப்படி உறையாமல் வைப்பது என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டாவது, முகாமை வாரநாளில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். திருப்பலி முடிந்து வெளியே வரும் கூட்டத்துக்கு நேராக மேசையைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் முந்நூறு பேர் பிரஷர் பார்ப்பார்கள். 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்துத் திரும்பாதவர்களின் மனைவிமார் இன்னும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தலைவலி என்றுதான் வருவார்கள். தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்புமுன் ராத்திரி தூக்கம் வருகிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

மணவாளக்குறிச்சி மணலைப் பற்றிக் கேட்காத கூட்டமே கடற்கரையில் இல்லை. மோனசைட் கலந்த மணல், அதில் தோரியம், இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதல். வீட்டுக்கு வீடு புற்றுநோய் என்கிறார்கள் மக்கள், ஆதாரம் இல்லை என்கிறார்கள் அதிகாரிகள். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் 1990-லிருந்து புற்றுநோய்ப் பதிவேடு வைத்து ஆயிரக்கணக்கான வீடுகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த மண்ணின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். அந்த முடிவை இங்கே நீட்டி எங்களைச் சமாதானப்படுத்தப் பார்க்காதீர்கள். நம் கரைக்கு நம் வீடுகளை எண்ணிய கணக்கு வேண்டும். நம்மவர்கள் பலர் திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்துக்குத்தான் போகிறார்கள். எல்லை தாண்டிப் போகிறவர்களின் கணக்கையும் சேர்த்து ஊர் வாரியாக ஒரு பதிவேடு வேண்டும். பதில் எதுவாக இருந்தாலும் பயம் குறையும்.

சரி, பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே நாடு முழுவதற்கும் 70,051 கோடி ஒதுக்கியது. அதில் நம் மாவட்டத்துக்கு வந்தது எவ்வளவு, எந்த ஊராட்சியில் எந்தக் கட்டடமாயிற்று என்று ஒரு பலகையில் எழுதுங்கள். கனிமம் எடுக்கும் மாவட்டங்களில் 2015 சட்டத் திருத்தத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளை உண்டு. குடிநீரும் உடல்நலமும் அதன் முன்னுரிமைச் செலவுகளில் வருகின்றன. அந்தப் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பணம் எது? பழங்குடியினரில் நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு அரிவாள் செல் சோகைப் பரிசோதனை செய்யும் தேசியத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது; 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அந்தக் குழு மலை ஏறும் நாளிலேயே மற்றப் பரிசோதனைகளையும் சேர்த்து முடித்துவிடலாம். ஒவ்வொரு துறையும் தனித்தனியாக ஒரு ஜீப்பில் வந்து தனித்தனியாக ரத்தம் எடுத்தால் ஜனங்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். போயிருக்கிறார்கள்.

காட்டுக்குள் கட்டடமோ பாதையோ போட வனத்துறை விடாது என்ற பதிலை இருபது வருஷமாகக் கேட்கிறேன். இந்தக் காடு 2008-இல் சரணாலயமானதும் அந்தப் பதில் இன்னும் கெட்டியாகிவிட்டது. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். மருந்தகம், பள்ளி, அங்கன்வாடி, சாலை, குடிநீர் போன்றவற்றுக்கு ஒரு இடத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாமல், கிராம சபை பரிந்துரைத்தால் காட்டு நிலத்தைக் கொடுக்கலாம். எத்தனை காணிக் கிராம சபைகளுக்கு இந்தப் பிரிவை வாசித்துக் காட்டியிருக்கிறோம்? காணிகளின் ஊர்த்தலைவரான மூட்டுக்காணியை உட்காரவைத்து, அவர்கள் பேச்சிலேயே ஒருவர் விளக்கினால் ஒரு பகலில் தீர்மானம் எழுதிவிடலாம்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 1838-இல் நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கிய பிறகு, ஒரே இடத்தில் உட்கார்ந்திராமல் தென் திருவிதாங்கூர் முழுக்கக் கிளை ஆஸ்பத்திரிகளைப் பரப்பினார்கள். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிக் கூட்டத்தையும் ஒற்றை அறுவை மருத்துவரையும் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். எவரெஸ்ட் ஏறப் போனவருக்கு நெய்யூர் பிடித்துப்போன கதை அது. நம்மவர்களுக்குத் தோட்டமலைக்குப் போஸ்டிங் போட்டால் மறுநாளே மெடிக்கல் லீவ் வருகிறது. குறை சொல்லவில்லை. தங்க நல்ல வீடு, மலைப்படி, இரண்டு வருஷம் கழித்துக் கேட்ட இடத்துக்கு மாற்றம் என்று எழுதிக் கொடுத்தால் நிற்பவர்கள் நிற்பார்கள். நானே நின்றிருக்கிறேன்.

கடைசியாக ஒரு அழைப்பு. மலையில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவது ரேஷன் வரும் நாளில்தான். மருத்துவ முகாமை அந்த நாளோடு சேர்த்துவிடுங்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். காகிதத்தில் சொல்வதைவிட நேரில் பார்த்தால் புரியும். அடுத்த ரேஷன் நாளில் காலை ஏழு மணிக்கு நான் பேச்சிப்பாறை வள்ளத்துறையில் நிற்பேன். உங்களில் யார் வேண்டுமானாலும் வரலாம். வழுக்காத செருப்பாகப் போட்டு வாருங்கள். மழை பெய்திருந்தால் பாதையில் அட்டை இருக்கும். உப்பும் புகையிலையும் நான் கொண்டு வருகிறேன். மூன்று மாத மாத்திரையை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருத்தி,
திருவட்டாறு வட்டம்